பதினான்காம் கம்பத்தின் மணி

நகாசே துறைமுகம்
அக்டோபர் 9

குனிஹிகோவுக்கு,

உறுதியான தகவல் முதலில். நேற்று காலை 10.12க்கு நகாசே துறைமுகத்தின் வெள்ளக் கதவு முழுதாக மூடியபோது, அதற்குக் கடல் பக்கத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். சொன்னவர் கதவுக் காவலர் நிஷிவாகி. அவர் அறையில் இருக்கும் கேமராப் பதிவை நானும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். பதினோரு பேரில் ஒருவர் அப்பா.

நடந்தது பயிற்சி. எந்த வாரம் என்று அறிவித்திருந்தார்கள், எந்த நேரம் என்று அறிவிக்கவில்லை. ஒரு மீட்டர் சுனாமி அலை வரலாம் என்ற முன்னறிவிப்புக்கு என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். அந்த அளவு அலைக்கு ஊர்ச் சங்கு அலறாது என்பது உனக்குத் தெரியும். நகராட்சியின் சொந்த எச்சரிக்கை ஒலி மட்டும் ஒலிபெருக்கிக் கம்பங்களில் வரும். அது தொடங்கிய ஆறாவது நிமிடம் கதவு தானாக மூடும். அந்த ஒலியைச் செய்தவன் நீ. ஏப்ரலில் எங்கள் பத்திரிகையே உன் பெயரைப் போட்டு அதைச் சொன்னது. அந்தச் செய்தியை எழுதியது நான் அல்ல.

10.06க்கு ஒலி வந்தபோது நான் படகுத்துறையில், அப்பாவின் மீன் சலிக்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். நேரத்தைப் பத்திரிகைக்கு மட்டும் முன்பே சொல்லியிருந்தார்கள்; அதனால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதியது இவ்வளவுதான்.

"அதுக்குள்ள மதியம் ஆயிடுச்சா?" என்றார் நெத்திலிக் குஞ்சு பொறுக்கும் இசோபே ஃபுமியோ.

"மணிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. ஆகஸ்ட்ல ஒரே நாள்ல எட்டுத் தடவ அடிச்சுது" என்றார் பனிக்கட்டி வண்டிக்காரர்.

"அதுக்கும் உன் வயசு ஆயிடுச்சு, விடு."

சிரித்தார்கள். யாரும் நகரவில்லை. அப்பா நிமிரவே இல்லை.

கேள்விகள் மூன்று. ஒன்று, தினமும் காலை ஏழு, நண்பகல், மாலை ஐந்து என்று அடிக்கும் மணியும் இந்த எச்சரிக்கையும் ஒரே மூன்று சுரங்களா? இரண்டு, ஆமென்றால் ஏன்? மூன்று, ஆகஸ்டில் கண்ட நேரத்தில் மணி அடித்தது எதற்கு?

என்னிடம் எதைச் சொல்வதானாலும் எழுத்தில் சொல், தேதி போட்டுச் சொல் என்று நீ சொல்லி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சொல்லிவிட்டேன்.

தோமொயெ

*

ஹமாமட்சு
அக்டோபர் 13

நகாசே செய்திப் பிரிவு, சவாகி தோமொயெ அவர்களுக்கு,

கேள்விகளுக்கு எண் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். நான் எண் போடாமல் பதில் சொல்கிறேன். இதில் ஒரு வரியும் அச்சில் வரக்கூடாது. அம்மாவின் நினைவுநாள் சாப்பாட்டு மேசையில் என் நிறுவனத்தைப் பற்றி நான் சொன்னது "ஓர் ஊழியர் கூறினார்" என்று மறுநாள் அச்சில் வந்தது. அந்த ஒலிக்கூடத்தில் இருந்ததே ஐந்து ஊழியர்கள்தான். யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு மதியம்கூடத் தேவைப்படவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

ஆமாம், ஒரே மூன்று சுரங்கள். வேண்டுமென்றே அப்படிச் செய்தேன்.

அந்த ஒலியை உருவாக்கியது மடியில் வைக்கும் அளவுள்ள ஒரு சின்ன விசைப்பலகையில். முப்பத்தேழு கட்டைகள், நான்கு அலைகள். எஃப்.எம். முறை எப்படி என்று உங்கள் வாசகர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன், நீங்கள் அச்சிடாவிட்டாலும். ஓர் அலையை இன்னோர் அலை பிடித்து ஆட்டும். ஆட்டும் அலை காதில் விழாது, ஆடும் அலைதான் விழும். ஆட்டும் வேகத்தை மூன்றரை மடங்காக வைத்தால் மணி பிறக்கும். எவ்வளவு பலமாக ஆட்டுவது என்பதற்கு ஒரே ஒரு தொடுபட்டை. விரலை மேலே இழுத்தால் அதே மணி வெண்கலமாகும், பிறகு தகரமாகும், பிறகு பல்லைக் கூசவைக்கும். ஒரு விரல் அகலத்தில் இவ்வளவும் அடங்கும். இருபத்திரண்டு வருடங்களாக இதைச் செய்கிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

தினசரி மணிக்கு அளவு 52. எச்சரிக்கைக்கு 101. மற்றதெல்லாம் ஒன்றே. ஏனென்றால் தினமும் மூன்று முறை கேட்ட குரல் காதுக்குள் குடியிருக்கும். அந்தக் குரலே உடைந்து வந்தால் முதுகு சில்லிடும். புது ஒலி என்றால் மனிதன் "இது என்ன?" என்று யோசிப்பான். பழகிய ஒலி கெட்டுப்போய் வந்தால் யோசிக்க மாட்டான், எழுந்துவிடுவான். ஒலியைத் தேர்ந்தெடுக்கும் நகராட்சிக் குழுவில் ஏழு பேர் முன்னால் போட்டுக் காட்டினேன். மீன்வளச் சங்கத்து அம்மா ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். "யாரோ அந்த மணியோட கழுத்த நெரிக்கிற மாதிரி இருக்கே" என்றார். ஏழு பேரும் கை தூக்கினார்கள்.

ஆகஸ்டில் அடித்தது ஒலியளவைச் சரிசெய்ய. தேவையான வேலை.

உங்கள் படகுத்துறை ஆட்கள் எழுந்திருக்கவில்லை என்றால் அது ஒலியின் குற்றமில்லை. அவர்கள் எந்தப் பயிற்சிக்கு நகர்ந்திருக்கிறார்கள்? அப்பா எதற்கு நகர்ந்திருக்கிறார்?

சவாகி குனிஹிகோ

பி.கு. படகுத்துறைக்குப் பக்கத்துக் கம்பம் எண் என்ன? அதிலுள்ள ஒலிபெருக்கிக் குழாய் சாம்பல் நிறமா, பச்சையா?

*

நகாசே துறைமுகம்
அக்டோபர் 18

குனிஹிகோவுக்கு,

கம்பம் எண் பதினான்கு. குழாய் சாம்பல் நிறம், அடியில் பொறித்திருக்கும் ஆண்டு 1989. படகுத்துறை மேசைகளிலிருந்து ஐந்நூற்று எண்பது மீட்டர். இடையில் பனிக்கட்டிக் கிடங்கு. பச்சைக் குழாய்கள் மேட்டுத் தெருக்களில் மட்டும், போன வருடம் மாற்றியவை.

பயிற்சி நாளன்று ஒரே இடத்தில் நின்று, ஒரே பதிவுக் கருவியில், எச்சரிக்கையையும் மாலை ஐந்து மணி ஒலியையும் பதிந்து வைத்திருந்தேன். மூன்று நாட்களில் ஒன்பது பேரிடம் அவற்றை மாற்றி மாற்றிப் போட்டு எது எது என்று கேட்டேன். ஆளுக்கு மூன்று தரம். இருபத்தேழு பதில்களில் பதினான்கு சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

அப்பாவுக்கு எழுபத்தொன்பது. நாற்பது வருடம் டீசல் எஞ்சின் மேல் உட்கார்ந்த காது. மருத்துவமனையின் செவிச் சோதனை அட்டையில் இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு தரைக்கு இறங்கிவிடுகிறது. அவரிடம் போட்டுக் காட்டியதை அப்படியே தருகிறேன்.

"இது என்னப்பா?"

"மணி."

"இது?"

"அதே மணி. ஏம்மா, பேப்பர்ல போட ஒனக்கு வேற நியூஸே கிடைக்கலயா?"

"ரெண்டாவது எச்சரிக்கை. குனிஹிகோ செஞ்சது."

"மொதல்லது?"

"அதுவும் அவன்தான்."

"அப்புறம் என்ன. ஒரே கை. ஒரே மாதிரிதான் இருக்கும்."

உன் பெயரை அவர் சொல்லவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்த இடத்தையே திரும்பவும்.

நகராட்சிப் பேரிடர்ப் பிரிவின் ஓபாதாவை நேற்று பார்த்தேன்.

"எழுபத்தெட்டு டெசிபல் மேடம். அளவுமானில பாஸ் ஆயிருக்கு. கேக்கலன்னு யாரும் சொல்ல முடியாது."

"கேட்டுது. என்னன்னு தெரியல."

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லயே."

அவர் கெட்ட மனிதர் இல்லை. கட்டம் இருந்தால் நிரப்பியிருப்பார்.

பதினாறாம் தேதி காலை 6.20க்கு நிலம் ஆடியது. இங்கே அதிர்வு அளவு மூன்று. அலமாரியில் கிண்ணங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன, அவ்வளவுதான். அலை முன்னறிவிப்பு இல்லை. கதவு அசையவில்லை. ஆனால் நிஷிவாகி தன் அறையைவிட்டு வெளியே வந்து, கதவின் தண்டவாளத்தில் கிடந்த சிப்பிகளைக் காலால் தள்ளிவிட்டு, மறுபடி உள்ளே போனதை நான் பார்த்தேன். முப்பது வருடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

இதைச் செய்தியாக எழுதப் போகிறேன். நீ பேச மறுத்தாய் என்று போடலாமா, அல்லது பேசுகிறாயா என்று சொல்.

தோமொயெ

*

ஹமாமட்சு
அக்டோபர் 24

அக்காவுக்கு,

சாம்பல் குழாய் என்று படித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

இரும்புக் கடையில் அதே வருடத்துக் குழாய் ஒன்று கிடைத்தது. எங்கள் கட்டட மாடிப்படியில் நான்காம் தளத்திலிருந்து தொங்கவிட்டு, விசைப்பலகையைப் பொருத்தி, கீழ்த்தளத்தில் நின்று கேட்டேன். 52. 101. மறுபடி 52. இந்த ஊரிலும் மாலை ஐந்துக்கு மணி அடிக்கும். மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "தம்பி, அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்கே?" என்றார். 101 அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. அந்தக் குழாய் மூவாயிரத்துக்கு மேல் எதையும் வெளியே விடுவதில்லை. தொடுபட்டையை மேலே இழுத்து நான் சேர்த்த கீறல், தகரம், பல்கூச்சம் எல்லாம் கிட்டத்தட்ட முழுவதும் அதற்கு மேலே இருக்கின்றன. குழாய் முதலில் தின்கிறது. மிச்சத்தைக் காற்று தின்கிறது. அதற்கும் தப்பி வருவதை அப்பாவின் காது தின்கிறது. கடைசியில் நிற்பது அடியில் இருக்கும் மூன்று சுரம். அதாவது மணி. ஒலிக்கூடத்தின் நல்ல ஒலிப்பெட்டிகளில், ஆறு அடி தூரத்தில் உட்கார்ந்து, நிறத்தை மட்டும் மாற்றி ஓர் எச்சரிக்கை செய்திருக்கிறேன். தூரம் முதலில் அழிப்பது நிறத்தைத்தான். புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

புதியது ஒன்று செய்துவிட்டேன். சுரங்களே இல்லை. ஆட்டும் அலையை நொடிக்கு ஒருமுறைக்குக் கீழே இறக்கினேன். அவ்வளவு மெதுவாக ஆட்டினால் நிறம் எதுவும் பிறக்காது. அடியிலிருக்கும் குரல் அப்படியே நானூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் நடுவில் ஏறி இறங்கி ஊளையிடும். இரண்டு நீளம், ஒரு மௌனம், மறுபடி இரண்டு நீளம். அழகில்லை. அந்தக் கருவியை வாங்கியவன் முதல் ஐந்து நிமிடத்தில் செய்து பார்த்துவிட்டுச் சிரித்துக் கடந்துபோகும் ஒலி. குழாயில் போட்டேன். மேல் வீட்டுக்காரர் செருப்பில்லாமல் இறங்கி வந்தார்.

ஓபாதாவுக்கு எழுதினேன். ஒலியை மாற்ற வேண்டுமானால் குழு கூட வேண்டும், குழு டிசம்பர் 20 கூடுகிறது என்று பதில். அதனால் ஒன்று கேட்கிறேன். அதுவரை செய்தியைப் போடாதே. இப்போது போட்டால் என் நிறுவனம் என்னைக் குழுவின் முன்னால் நிற்க விடாது. நான் நிற்காவிட்டால் இந்த ஒலியை எடுத்துச் சொல்ல அங்கே வேறு ஆள் இல்லை. ஐம்பத்தேழு நாட்கள்தான்.

புதிய ஒலியை ஒரு நினைவுச் சில்லில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

குனிஹிகோ

*

நகாசே துறைமுகம்
அக்டோபர் 28

குனிஹிகோவுக்கு,

இருபத்திரண்டாம் தேதி மாலை நீ இங்கே வந்திருந்ததை உன் கடிதத்தில் எழுதவில்லை. அப்பா சொல்லித் தெரிந்தது.

"ஒன் தம்பி வந்திருந்தான்" என்றார் சாப்பிடும்போது.

"பேசினீங்களா?"

"அவன் கிடங்கு முனையில குழாயப் பாத்துக்கிட்டு நின்னான். நான் மீனப் பாத்துக்கிட்டு நின்னேன்."

"கூப்பிட்டிருக்கலாமே."

"முதுகு காட்டுறவனக் கூப்பிட்டு என்ன பேசறது? எளைச்சுப் போயிருக்கான். அதுமட்டும் தெரிஞ்சுது."

நீ கேட்ட ஐம்பத்தேழு நாட்களைப் பற்றி யோசித்தேன். ஒருவேளை சம்மதித்திருப்பேன். ஆனால் நேற்று ஓபாதாவின் அலுவலகத்தில், நான் கேட்டிருந்த கோப்பின் நகலைக் கொடுத்தார்கள். இருபத்தாறு பக்கம். பத்தொன்பதாம் பக்கம் ஒரு படிவம். தலைப்பு, கம்பம் இருக்கும் இடத்தில் கேட்டுச் சரிபார்த்தது. கம்பம் எண் பதினான்கு, கேட்ட இடம் படகுத்துறை. நாள் மே 11, மாலை 5 மணி. "மணியும் எச்சரிக்கையும் தெளிவாக வேறுபடுகின்றன." அதன் கீழே கையொப்பமாக உன் பெயர் முத்திரை.

மே 11 மாலை ஐந்து மணிக்குப் படகுத்துறையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். அன்று சங்கத்தின் வலை பிரிக்கும் நாள். பதினைந்து பேர். இசோபே சொன்னதை எழுதுகிறேன். "ஒந்தம்பிய நாங்க பாத்து நாலு வருஷமாச்சு. மே மாசம் வந்திருந்தா அப்பன் மூஞ்சியிலேயே தெரிஞ்சிருக்கும். நாங்க என்ன குருடா?"

ஓபாதாவுக்கும் கட்டம் இருந்திருக்கிறது, குனிஹிகோ. நிரப்பிக் கொடுத்தது நீ.

ஒரே கேள்வி. அன்று நீ வந்தாயா?

தோமொயெ

*

ஹமாமட்சு
நவம்பர் 1

அக்காவுக்கு,

வரவில்லை.

முத்திரை என்னுடையது. மே 11 காலை ரயில் நிலையம் வரை வந்தேன். நகாசேக்கு நாற்பது நிமிடம். சீட்டு வாங்கினேன். படகுத்துறையில் நின்று கேட்க வேண்டும் என்றால் அப்பாவின் மேசைக்குப் பத்தடியில் நிற்க வேண்டும். அங்கே நின்றால் நீயும் வருவாய். வந்து என்ன சொல்வாய், நான் என்ன சொல்வேன் என்று நடைமேடையில் நின்று ஒத்திகை பார்த்தேன். இரண்டு ரயில்கள் போய்விட்டன. திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்து, நல்ல பெட்டிகளில் இன்னொரு முறை கேட்டுவிட்டு, படிவத்தை நிரப்பினேன். பொய் எழுதுகிறோம் என்று அப்போது தோன்றவில்லை. எப்படியும் வேறுபடத்தானே போகிறது என்று தோன்றியது. இப்படி ஒரு மூடத்தனத்தை என் துறையில் யாராவது செய்திருந்தால் அவரோடு ஒரு வாரம் பேசியிருக்க மாட்டேன்.

டிசம்பர் 20 வரை பொறு என்று கேட்டது குழுவுக்காக மட்டும் இல்லை. பத்தொன்பதாம் பக்கத்துக்காகவும்தான்.

கீழே இருப்பதை என் பெயருடன் அச்சிடு. "ஓர் ஊழியர்" வேண்டாம்.

"பதினான்காம் கம்பத்தின் ஒலியை நான் அந்த இடத்தில் கேட்கவில்லை. கேட்டதாகக் கையொப்பமிட்டேன். படகுத்துறையில் எச்சரிக்கையும் மணியும் ஒன்றாகவே கேட்கின்றன. அங்கே வேலை செய்பவர்கள் இன்றிலிருந்து, எந்த நேரத்தில் மணி அடித்தாலும் கதவுக்குள் வரவேண்டும். சவாகி குனிஹிகோ, நவம்பர் 1."

கடைசி வரியை மட்டும் வெட்டாதே.

குனிஹிகோ

*

நகாசே துறைமுகம்
நவம்பர் 8

குனிஹிகோவுக்கு,

செய்தி ஆறாம் தேதி முதல் பக்கத்தில் வந்தது. வெட்டவில்லை. உன் நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டேன். "அவர் இங்கே இல்லை" என்றார்கள். விடுப்பா வேறா என்று சொல்லவில்லை. உன் கைப்பேசி எண்ணும் மாறியிருக்கிறது. அதனால் மறுபடியும் கடிதம். வீட்டு விலாசத்தில் நீ இருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று மாலை 4 மணிக்கு ஓபாதா அறிவித்தது இது. பழைய ஒலி குழப்பம் தருவதால், மணியையும் எச்சரிக்கையையும் இரண்டையுமே நிறுத்திவிட்டார்கள். உன் புதிய ஒலியைக் குழுவைக் கூட்டாமலே அவசரமாக ஏற்றுக்கொண்டார்கள். நவம்பர் 14 காலை 10 மணிக்குப் பதினான்காம் கம்பத்தில் ஏறும். இதுவரை நல்லதுதான்.

அறிவிப்பில் இல்லாததை நிஷிவாகி சொன்னார். கதவு நகராட்சியுடையது அல்ல, மாகாணத்துடையது. முன்னறிவிப்பு வந்தால் நகராட்சி ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் ஆறாவது நிமிடம் அது மூடும். அதைத் தானாக மூடவைக்கும் கம்பியைப் பிரிக்க இங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை.

"அப்ப இந்த ஒரு வாரம்?" என்று கேட்டேன்.

"சத்தமில்லாம மூடும்."

"கதவு மேல இருக்கற சிவப்பு விளக்கு?"

"கிடங்குக்கு இந்தப் பக்கம் சுத்தும். அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்? நான்தான் ஓடிப்போய்க் கத்தணும். எனக்கு அறுபத்தாறு. கதவை விட்டு நகரக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க வேற."

முன்பு தவறான ஒலி இருந்தது. என் செய்திக்குப் பிறகு ஒலியே இல்லை. உன்னைக் கேட்ட மாதிரி என்னையும் யாராவது எண் போட்டுக் கேட்க வேண்டியதுதான்.

ஏழாம் தேதி காலை மறுபடி ஆடியது. மூன்றுக்கும் நான்குக்கும் இடையில். அப்பாவிடம் பதினான்காம் தேதி வரை படகுத்துறைக்குப் போகவேண்டாம் என்றேன். "மணித் தொல்லை இல்லாம இப்பத்தான் நிம்மதியா வேல ஓடுது" என்றார். சொல்லிவிட்டுப் பூட்ஸை மாட்டினார்.

பத்தாம் தேதியிலிருந்து நான் மாகாணத் தலைநகரில் இருப்பேன். கதவின் ஆறு நிமிடம் யார், எப்படிக் கணக்கிட்டது என்று கேட்கப் போகிறேன். விடுதி விலாசம் பின்புறம்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கடிதம் எழுத எனக்கு வேறு ஆள் இல்லை.

தோமொயெ

*

கதவுக் காவலர் அறை, நகாசே
நவம்பர் 12

அக்காவுக்கு,

உறுதியான தகவல் முதலில். இன்று காலை 10.31க்குப் புதிய ஒலியை அப்பா படகுத்துறை மேசையிலிருந்து கேட்டார், என்ன என்று புரிந்துகொண்டார், எழுந்தார். கேமராத் திரையில் பார்த்தவர்கள் நிஷிவாகியும் நானும். நேரம் கேமராவின் கடிகாரத்தில் எடுத்தது.

பத்தாம் தேதி காலை நீ கிளம்பியதிலிருந்து இங்கே இருக்கிறேன். நிஷிவாகி ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். இரும்புக் கடைக் குழாயையும் விசைப்பலகையையும் ஒரு கார் பேட்டரியையும் கதவுத் தூணில் கட்டியிருக்கிறேன். அனுமதி கிடையாது. ஓபாதா சைக்கிளில் வந்தார், நின்று பார்த்தார். "நான் இதப் பாக்கல" என்றார், பார்த்துக்கொண்டே. இன்று எல்லோரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் ஒலித்தேன்.

அதற்கு முன்னால், முதல் நாளே அப்பா வந்துவிட்டார். கையில் சல்லடை.

"என்னடா, இங்க என்ன பண்ற?"

"சத்தம் போட வந்திருக்கேன்."

"நாலு வருஷம் கழிச்சு வந்தது அதுக்குத்தானா?"

"ஆமா."

"அந்தப் பொட்டியா? பொம்மை மாதிரி இருக்கு."

"பொம்மைதான்."

கொஞ்ச நேரம் கட்டைகளைப் பார்த்தார். ஒரு கட்டையை ஈரக் கையால் அமுக்கினார். பேட்டரி இணைக்கவில்லை, சத்தம் வரவில்லை. "இதுவும் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். மதியம் இசோபே ஒரு கிண்ணம் சோறும் அவித்த நெத்திலிக் குஞ்சும் கொண்டு வந்தார். யார் கொடுத்தனுப்பியது என்று சொல்லவில்லை.

இன்றைய சோதனையை நீ கேட்கும் விதத்தில் எழுதுகிறேன். 10.31.00க்கு ஒலி தொடங்கியது. அப்பா 10.31.04க்குத் தலை நிமிர்ந்தார். இசோபேயும் மற்றவர்களும் அதே நேரம். எல்லோரும் முதலில் செய்த வேலை ஒன்றுதான். தட்டுகளை மூடினார்கள். ஈரத் துணியை எடுத்து, மேசைக்கு மேசை, தட்டுக்குத் தட்டு. இந்த மீனைத் திறந்து போட்டுவிட்டு இந்தத் துறையில் யாரும் நகர்ந்ததில்லை, அது உனக்கும் எனக்கும் தெரியும். நானும் சின்ன வயதில் மூடியிருக்கிறேன். ஒலியைத் திட்டமிட்டபோது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று தெரியவில்லை.

மற்ற பத்துப் பேரும் நாலரை நிமிடத்துக்குள் கதவைத் தாண்டிவிட்டார்கள். அப்பாவிடம் பதினெட்டுத் தட்டுகள். மூடி முடிக்க ஒரு நிமிடம் ஐம்பது நொடி. பிறகு நடந்தார். முழங்கால் உனக்குத் தெரியும். கிடங்கு முனையில் ஒருமுறை நின்று தூணைப் பிடித்துக்கொண்டார். கதவுக் கோட்டைத் தாண்டியபோது 10.38.40.

ஏழு நிமிடம் நாற்பது நொடி. கதவுக்கு ஆறு.

கதவுக்கு வெளியே சுவர் மேல் ஏறும் இரும்புப் படிகள் பதினாறு இருக்கின்றன. கதவு மூடிவிட்டால் அதுதான் வழி என்று அவரை ஏறச் சொன்னேன். மூன்றாவது படியில் நின்றுவிட்டார். இறங்குவதற்கு நான் பிடிக்க வேண்டியிருந்தது.

"தட்ட மூடாம வந்திருந்தா அஞ்சு நிமிஷம் அம்பது செகண்டு, அப்பா. பத்து செகண்டு மிச்சம்."

"மீன மூடாம எவன் வருவான்?"

"அலை வந்தா மீனும்தான் போகும்."

"வந்தாத்தானே. வராம போச்சுன்னா வெயில்ல கெட்டுப்போகும். பதினெட்டுத் தட்டு." பிறகு, "சத்தம் நல்லா இருந்துச்சு. எழவு வீட்டு நாய் மாதிரி. அப்படித்தான் இருக்கணும்" என்றார்.

நான்கு வருடத்தில் என்னிடம் அவர் பேசிய மிக நீளமான பேச்சு இது.

நீ அங்கே இருப்பதால் இந்த எண்ணை மாகாண அலுவலகத்தில் கொடு. ஏழு நிமிடம் நாற்பது நொடி, சான்று கேமராப் பதிவு, நகல் இத்துடன். ஒன்பது நிமிடமாக மாற்றக் கேள். நிஷிவாகி தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நானும் போட்டிருக்கிறேன். இந்த முறை இடத்தில் நின்று பார்த்துவிட்டு.

இன்று பகல் இரண்டு மணிக்குக் கொஞ்சமாக ஆடியது. கட்டைகளின் மேல் வைத்திருந்த பென்சில் உருண்டது. அப்பா அந்த நேரம் மேசையில்தான் இருந்தார். நான் கையைக் கருவியின் மேல் வைத்துக்கொண்டு நிஷிவாகியின் திரையைப் பார்த்தேன். முன்னறிவிப்பு வரவில்லை. கையை எடுக்க எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கவில்லை.

நிலுவையில் இருப்பவை. புதிய ஒலி பதினான்காம் கம்பத்தில் ஏறுவது: நாளை மறுநாள் காலை பத்து மணி. அது ஏறும்வரை இந்தத் தூணை விட்டு நகர மாட்டேன். கதவின் ஆறு நிமிடம் ஒன்பதாகுமா என்பது: ஓபாதா கேட்டுச் சொன்னபடி, மாகாணத்தின் பதில் இருபதாம் தேதி நண்பகலுக்குள். அப்பா தட்டுகளை மூடாமல் எழுந்து வருவாரா என்பது: இன்று மாலை மறுபடி கேட்டேன். பார்க்கலாம் என்றார். தேதி சொல்லவில்லை.

குனிஹிகோ